அந்தச் செப்பேடு தமிழா, மலையாளமா?

வட்டெழுத்து வாசகன்:
நேற்று ஒரு காணொளி வந்தது. பேசியவர் உருகு உருகு என்று உருகினார். "யூதர்களோடு மதம் கடந்து வாழ்வது எப்படி என்று உலகத்துக்கே காட்டியவர்கள் மலையாளிகள். ஆயிரம் வருஷம் முன்பே மலையாளத்தில் செப்பேடு எழுதிக் கொடுத்து வரவேற்றவர்கள்." மலையாளத்திலாம்! சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த பட்டயம் அது. காலம் ஏறக்குறைய கி.பி. 1000. எழுத்து வட்டெழுத்து, அதாவது தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து; மொழி தமிழ். நல்லபடியாக வாழ்ந்தார்களா, சந்தோஷம். அதற்காகப் பட்டயத்தைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கொச்சி மருமகள்:
அவ்வளவு பேச்சில் உங்களுக்கு உறுத்தியது இந்த ஒரு சொல்தானா? நான் பாளையங்கோட்டையில் பிறந்து கொச்சிக்கு வாழ்க்கைப்பட்டவள். மட்டாஞ்சேரி யூதத் தெரு எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பரதேசி யூதப் பள்ளி, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின் வழிபாட்டு இடம், 1568இல் கட்டியது. அரண்மனையும் அதன் கோயிலும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. தன் வாசலிலேயே இடம் கொடுத்தார் ராஜா. அந்தத் தெருவில் துணியில் பூவேலை செய்து விற்ற சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் காலமானார். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கடைசி வரை அவரையும் கடையையும் மகன் மாதிரிப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம். நட்பு பற்றிப் பேச வேண்டுமென்றால் அதைப் பேசலாமே.

வட்டெழுத்து வாசகன்:
பேசுங்கள் அக்கா, யார் தடுத்தது? ஆனால் பட்டயத்தின் வாசகத்தைப் பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம். 72 விடுபேறு, அதாவது மன்னன் கொடுத்த சிறப்புரிமைகள். இதில் எந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை? நடக்கும்போது காலடியில் விரிக்கும் துணிதான் பாவாடை. பட்டப்பகலில் விளக்கோடு போவது ஒரு மரியாதை. அத்தனையும் தமிழ்.

திண்ணைவாசி:
இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புல்லரிக்கிறீர்கள். 1524இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் யூதர்களை அடித்து விரட்டியது யார்? உள்ளூர் ஆட்கள்தான். 1662இல் இதே பரதேசிப் பள்ளியைப் போர்ச்சுகீசியர் சூறையாடினார்கள். மறு வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் யூதர்கள் மூச்சு விட்டார்கள். அதெல்லாம் காணொளியில் வராது. அதை விடுங்கள், யூதர்களுக்குள்ளேயே என்ன நடந்தது? ஏ.பி. சேலம் என்ற வக்கீல், படித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர். அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர் என்று சொல்லி, அவர் ஆட்களைப் பரதேசிப் பள்ளியில் சமமாக உட்கார விடவில்லை. அவர் உள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். யூத காந்தி என்று பேர் வந்தது அப்படித்தான். மதநல்லிணக்கம் பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேசுங்கள்.

கொச்சி மருமகள்:
அவர் பேரில் அங்கே இன்று ஒரு சாலையே இருக்கிறது, தெரியுமா? தவறு நடந்தது, எதிர்த்தார்கள், மாறியது. சண்டையே நடக்காத ஊர் என்று நான் எங்கே சொன்னேன்?

வட்டெழுத்து வாசகன்:
இவ்வளவு பேசிவிட்டீர்கள், கேட்டதற்குப் பதில் இல்லை. தமிழா, மலையாளமா?

கொச்சி மருமகள்:
சரி, சொல்கிறேன். யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய பாட்டுகள் மலையாளத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் பேசியதும் அதுதான். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறியபோது அந்தப் பாட்டையும் கொண்டுபோனார்கள். உங்கள் பகல்விளக்கை யாராவது கொண்டுபோனார்களா?

வட்டெழுத்து வாசகன்:
செப்பேட்டைக் கேட்டால் பாட்டைக் காட்டுகிறீர்கள். பாட்டு பல நூற்றாண்டு பிந்தியது. செப்பேடு முந்தியது. அப்போது மலையாளம் தனியாகப் பிரிந்திருந்ததா? சேரநாட்டில் பேசியது மேற்குக் கரைத் தமிழ். 2017இல் நம் பிரதமர் இதன் நகலை இஸ்ரேல் பிரதமரிடம் கொடுத்தாரே, அன்றைக்கு ஒரு செய்தியிலாவது தமிழ் என்று போட்டார்களா?

நெல்லைத் தம்பி:
பிரதமர் பேச்சு வந்ததால் கேட்கிறேன். காஸாவில் நடப்பதை வைத்துக்கொண்டு இப்போது யூத நட்பு பேச வேண்டுமா?

கொச்சி மருமகள்:
இங்கே பூவேலை செய்துகொண்டிருந்த கிழவிக்கும் அங்கே நடக்கிற போருக்கும் என்ன சம்பந்தம், தம்பி? ஒரு நாட்டு அரசு செய்வதற்கு உலகத்தில் இருக்கிற எல்லா யூதரும் பதில் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்து வீட்டோடு எப்படிப் பழகுவது? நல்லிணக்கம் தொடங்குகிற இடமே அதுதானே.

திண்ணைவாசி:
இது நியாயமான பேச்சு. ஆனால் வாசகன் காதில் விழாது. சென்னையில் யூதர்கள் இருந்தது பற்றிப் போன வருஷம் ஓர் இழை ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? 17ஆம் நூற்றாண்டில் வைர, பவள வியாபாரத்துக்கு வந்தவர்கள், பவளக்காரத் தெரு, லாயிட்ஸ் சாலையில் இருக்கிற அவர்களுடைய கல்லறை... அந்தக் கல்லறையை யார் பார்த்துக்கொள்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இவர் வந்து பவளமா பவழமா என்று நாற்பது பதிவு போட்டார்.

வட்டெழுத்து வாசகன்:
இரண்டும் சரி என்றுதான் அன்றைக்கும் சொன்னேன். தவறு என்று சொன்னது நீங்கள். அந்த இழையை இன்னும் சேமித்து வைத்திருக்கிறேன், போடட்டுமா?

திண்ணைவாசி:
போடுங்கள். அப்படியே, போன மாதம் வேறு ஏதோ ஊர்க் கல்வெட்டின் படத்தைப் போட்டு இதுதான் கொச்சிச் செப்பேடு என்று சாதித்தீர்களே, அதையும் போடுங்கள்.

வட்டெழுத்து வாசகன்:
படம் மாறிவிட்டது. எழுத்து மாறவில்லை. அதுவும் வட்டெழுத்துதான்.

கொச்சி மருமகள்:
கடவுளே.

நெல்லைத் தம்பி:
அக்கா, வருகிற சனிக்கிழமை கொச்சி வருகிறேன். அந்தப் பள்ளியைப் பார்க்கலாமா?

கொச்சி மருமகள்:
சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், பார்வையாளர்களை விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம். ஞாயிறு வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள். கீழேயே பார்த்துக்கொண்டு நடக்கத் தோன்றும். அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள்.

திண்ணைவாசி:
இப்போதாவது ஒருவர் உருப்படியாக நேரில் போய்ப் பார்க்கப் போகிறார்.

வட்டெழுத்து வாசகன்:
தம்பி, போனால் எனக்காக ஒரு வேலை. செப்பேட்டைப் பற்றி அங்கே எங்காவது எழுதி வைத்திருந்தால், மொழி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து வாருங்கள். மலையாளம் என்று இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.