37 வயசு, ரெண்டு புள்ளைங்க, ஸ்டாஃப் நர்ஸ்: இப்ப போய் எம்பிபிஎஸ் படிக்கலாமா?

நைட்டூட்டி_நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்குங்க. திண்டுக்கல் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஐசியூ ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு 15 வருஷமாச்சு. பெரியவ எட்டாவது, சின்னவன் ரெண்டாவது, வீட்டுக்காரர் லேத் பட்டறை வெச்சிருக்காரு.

2006-ல பிளஸ் டூ முடிச்சேன். அப்ப நீட்லாம் கிடையாது, ஸ்டேட் என்ட்ரன்ஸ்தான், பிளஸ் டூ மார்க்குக்கு 200, என்ட்ரன்ஸுக்கு 100-னு மொத்தம் 300-க்கு கட் ஆஃப் போடுவாங்க. போர்டுல நல்லாத்தான் எடுத்தேன், என்ட்ரன்ஸ்ல கவுந்துட்டேன். கொடுமை என்னன்னா அடுத்த வருஷமே அந்த என்ட்ரன்ஸையே தூக்கிட்டாங்க, எனக்கு அடுத்த செட்டு புள்ளைங்க வெறும் பிளஸ் டூ மார்க்லயே உள்ள போச்சுங்க. அந்த வயித்தெரிச்சல் இன்னிக்கு வரைக்கும் ஆறல.

இப்ப ஏன் கிளம்புச்சுன்னா, போன மாசம் ஒரு நைட்டு, மணி மூணு இருக்கும், ஒரு டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு ரத்தத்துல பொட்டாசியம் 6.8-னு, ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்குன்னு லேப்ல இருந்து போன். ஈசிஜி எடுத்தா டி வேவ் கூர்கூரா நிக்குது. டியூட்டி டாக்டரை எழுப்புனேன், பாவம் சின்னப் பையன், புதுசா சேந்தவரு, ஈசிஜிய பாத்துட்டு என்னையப் பாக்குறாரு. "என்ன குடுக்கலாம் சிஸ்டர்?" கால்சியம் குளுக்கோனேட் ஸ்லோவா போடலாம் சார், அப்புறம் இன்சுலின் டெக்ஸ்ட்ரோஸ்னு நான் சொல்லச் சொல்ல அவரு எழுதுனாரு. காலைல ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பாத்துட்டு அந்தப் பையன் தோள்ல தட்டிக்குடுத்தாரு. நான் ட்ராலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். பையன் மேல கோவம்லாம் இல்ல, ஆனா வீட்டுக்கு வர்ற பஸ்ல அழுகையா வந்துச்சு.

என் கேள்வி இதான். நீட்டுக்கு வயசு வரம்பு இருக்கா இல்லையா, ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவேனா? புள்ளைங்களை வெச்சுக்கிட்டு யாராவது படிச்சிருக்கீங்களா?

கவுன்சிலிங்_அப்பா:

சிஸ்டர், என் மகனுக்காக ரெண்டு வருஷம் இந்தக் கவுன்சிலிங்லயே குடியிருந்தவன், தெரிஞ்சதைச் சொல்றேன்.

வயசு உச்சவரம்பு இப்ப கிடையாது, 2022-லயே எடுத்துட்டாங்க. 17 வயசு முடிஞ்சிருக்கணும்ங்கிறது மட்டும்தான். ஒடிசாவுல ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் ஒருத்தர் 64 வயசுல சேந்தது 2020-லயே பேப்பர்ல வந்துச்சே.

7.5 உங்களுக்கு வராது. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும், எய்டட் அதுல சேராது. பொதுவா உங்க கம்யூனிட்டி ரேங்க்ல நின்னுதான் வாங்கணும். அரசுக் கல்லூரி கிடைச்சா பீஸ் பிரச்சனையே இல்ல, உங்க ரெண்டு புள்ளைங்க ஸ்கூல் பீஸை விடக் கம்மியாத்தான் இருக்கும். பிரைவேட்ல மேனேஜ்மென்ட் கோட்டான்னா வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல, அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க. வெளிநாட்டு ஏஜென்ட்டுங்க "நீட் குவாலிஃபை ஆனா போதும் மேடம்"னு போன் மேல போன் போடுவானுங்க. போயிட்டு வந்து இங்க எஃப்எம்ஜிஇ, அதான் வெளிநாட்டுல படிச்ச டாக்டருங்களுக்கான பரீட்சை, அதை பாஸ் பண்ணணும், அதுக்கு மேல இங்க இன்டர்ன்ஷிப்பும் இருக்கு, அதை மட்டும் அவனுங்க மெதுவா சொல்லுவானுங்க.

கடுப்பு_கந்தசாமி:

திட்டுவீங்க, பரவால்ல. ஒரு அரசு சீட்டுங்கிறது முப்பது நாப்பது வருஷ சர்வீஸ். தர்மபுரிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் 61 வயசுல நீட் பாஸ் பண்ணி 2022 ஜனவரில 7.5 கவுன்சிலிங்குக்கே வந்துட்டாரு, அப்புறம் ஹவுஸ் சர்ஜனா இருந்த அவரு மகன் சொன்னதைக் கேட்டு ஒரு சின்னப் புள்ளைக்குப் போகட்டும்னு விட்டுக்குடுத்தாரு. அதை யோசிச்சுப் பாருங்க.

கணக்கும் போடுங்க. இப்ப இருந்து படிச்சு 38-ல சேந்தாலே படிப்பு நாலரை வருஷம், இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம், வெளிய வரும்போது 44 ஆகப்போகும். வெறும் எம்பிபிஎஸ்-ஐ இன்னிக்கு யாரு மதிக்குறா, பிஜிக்கு இன்னொரு மூணு வருஷம். உங்க பொண்ணு அதுக்குள்ள காலேஜே முடிச்சிரும். ஐசியூதானே உங்களுக்குப் பிடிச்சது, எம்எஸ்சில நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர்னு ரெண்டு வருஷ கோர்ஸே இருக்கே, அதைப் பாக்கலாமே?

ரெண்டாவது_இன்னிங்ஸ்:

கந்தசாமி அண்ணே, 61-ம் 37-ம் ஒண்ணா? தென்காசிப் பக்கம் 49 வயசு பிசியோதெரபிஸ்ட் அம்மா, பொண்ணு கூடவே உக்காந்து படிச்சு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுல விருதுநகர் அரசுக் கல்லூரில 2025-ல சீட் வாங்குனாங்களே, அவங்ககிட்டயும் போய் இதைச் சொல்லுவீங்களா.

அக்கா, நான் எம்பிபிஎஸ் 2020 பேட்ச், இப்ப சிஆர்ஆர்ஐ, அதான் ஹவுஸ் சர்ஜன். பிஃபார்ம் முடிச்சு மெடிக்கல் ஷாப் வெச்சிருந்தேன், சேரும்போது 31, பாப்பாவுக்கு நாலு வயசு. அப்பல்லாம் 25 தாண்டுனவங்க எழுதலாமாங்கிறதே கோர்ட்ல தொங்கிக்கிட்டு கிடந்துச்சு, எந்த நேரம் வெளிய போன்னு சொல்லுவாங்களோன்னு வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டேதான் முதல் வருஷம் படிச்சேன்.

உள்ளதைச் சொல்றேன். படிப்பு மண்டையில ஏறும், மெதுவா ஏறும். எங்கிட்ட உக்காந்து ஒரு பக்கத்தை 17 வயசுப் புள்ள ஒரு தடவை படிச்சா நான் நாலு தடவை. ஆனா வார்டுக்குப் போனதும் தலைகீழா மாறிருச்சு, பேஷன்ட்கிட்ட எப்படிப் பேசணும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம், நீங்கல்லாம் அதுல எங்கயோ இருப்பீங்க. என்னையக் கொன்னது அட்டெண்டன்ஸ்தான். தியரி 75, பிராக்டிகல் 80 சதவீதம் இருந்தாத்தான் பரீட்சைல உக்கார விடுவாங்க, பாப்பாவுக்கு டெங்கு வந்து எட்டு நாள் படுத்தப்ப என் மாமியார்தான் ஆஸ்பத்திரில இருந்தாங்க, நான் டிசெக்‌ஷன் ஹால்ல. சாயங்காலம் ஓடிப்போய் தூக்கப்போனா "அம்மா நாத்தம், போ"ன்னு திரும்பிப் படுத்துக்கிச்சு. பொணம் கெடாம இருக்க ஊத்துற ஃபார்மலின் வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் முடியில நிக்கும். சீனியர்கிட்ட வாங்குன எலும்பு செட்டு கட்டிலுக்கு அடில கிடக்கும், கொஞ்ச நாள்ல அதுவே ஃபீமரை எடுத்துட்டு வந்து "அம்மா உன் தொடை"ன்னு குடுக்கும்.

மாமியார் இல்லன்னா நான் இல்ல. அதனால உங்களுக்கு என் கேள்வி ஒண்ணுதான், அஞ்சரை வருஷம் வீட்டுல அடுப்பைப் பத்தவைக்கப் போறது யாரு? அண்ணன் கேட்ட கணக்குக்கு அப்புறம் வரலாம்.

அதுக்கும் முன்னாடி வேலைய விடாம ஒண்ணு பண்ணுங்க. 2025 நீட் பேப்பரை டவுன்லோட் பண்ணி, மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் போனை அணைச்சுட்டு எழுதிப் பாருங்க. 180 கேள்வி, 720 மார்க், தப்புக்கு மைனஸ் ஒண்ணு. பயாலஜியப் பாத்து சந்தோஷப்படாதீங்க, பிசிக்ஸ் மார்க்கை மட்டும் இங்க வந்து சொல்லுங்க.

நைட்டூட்டி_நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. கந்தசாமி அண்ணா சொன்னதுல சீட்டு விஷயம் மனசை உறுத்தத்தான் செஞ்சுச்சு, ரெண்டு நாள் யோசிச்சேன். 44-ல முடிச்சாலும் 20 வருஷம் வேலை பாப்பேன்ணே, அதுக்கு முன்னாடியே 15 வருஷம் ஐசியூல நின்னவ வேற, நான் மார்க் எடுத்து வாங்குனா அது எப்படி பிடுங்குனதாகும்? நீங்க சொன்ன நர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸும் எழுதி வெச்சிருக்கேன், அதையும் விடல.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் புள்ளைங்களை நிலக்கோட்டைல ஆச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, எழுதுனேன். பயாலஜி 220, கெமிஸ்ட்ரி 44, பிசிக்ஸ் 15. பதினஞ்சுதாங்க. இருவது கேள்வி தொட்டேன், ஏழுதான் சரி. மொத்தம் 279, இதை வெச்சுக்கிட்டு அரசு சீட்டை எட்டிக்கூடப் பாக்க முடியாதுன்னு தெரியுது. ஆனா 20 வருஷம் கழிச்சு புக்கைத் தொடாம எழுதுனது, எனக்கு என்னமோ ரொம்ப மோசமாத் தெரியல.

அடுப்பு கேள்விக்கு இன்னும் பதில் இல்ல. எங்கம்மாவுக்கு முட்டி வலி, மாமியார் இல்ல. வீட்டுக்காரர் "நான் சோறு வடிப்பேன், குழம்புக்கு நீதான் வழி சொல்லணும்"ங்கிறாரு, சிரிச்சுக்கிட்டே சொல்றாரா சீரியஸா சொல்றாரான்னு தெரியல.

வேலைய விடல. வர்ற மே மாசம் சும்மா எழுதிப் பாப்போம்னு இருக்கேன். பெரியவளுக்கு டியூஷன் எடுக்குற பிசிக்ஸ் சார்கிட்ட கேட்டேன், "நீங்களுமா மேடம்"னு சிரிச்சுட்டு ஞாயித்துக்கிழமை காலைல வரச் சொல்லியிருக்காரு. பதினொண்ணாவது பிசிக்ஸ் என்சிஇஆர்டி ரெண்டு பார்ட்டும் பழசு யார்கிட்டயாவது இருக்கா?

ரெண்டாவது_இன்னிங்ஸ்:

என்கிட்ட இருக்குக்கா, மெசேஜ் பண்ணுங்க, அனுப்புறேன். முதல் பார்ட்ல அட்டை இல்ல, ரொட்டேஷனல் மோஷன் சாப்டர் பூரா பாப்பா கிரேயான்ல கிறுக்கி வெச்சிருக்கும், அதுக்கு மட்டும் வேற புக்கு பாத்துக்குங்க.