ஸ்டோரேஜ் டிரைவர் தேதி 2006 என்று காட்டுகிறது, புதிதாகப் போடலாமா?

இரவல் மவுஸ்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கம்ப்யூட்டர், நானே பாகம் பாகமாகப் பூட்டியது, விண்டோஸ் 11. விண்டோஸ் இருப்பது என்விஎம்இ எஸ்எஸ்டியில் (மதர்போர்டிலேயே செருகும் வேகமான வகை), படங்களும் பழைய ஃபைல்களும் இருப்பது ஒரு சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் (கேபிள் வழியாக இணைவது). கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்தால் திடீரென்று எல்லாம் உறைந்துபோகிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது, கேபினெட்டில் இருக்கும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது, அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பிக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் போய்ப் பார்த்தேன். சாட்டா கண்ட்ரோலரின் டிரைவர், அதாவது டிஸ்க் இணைப்போடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள், அதன் தேதி 21-06-2006! என் மதர்போர்டே அப்போது பிறந்திருக்காது. இணையத்தில் கிடைத்த ஒரு டிரைவர் அப்டேட்டரை ஓட்டினேன், அது 17 டிரைவர்கள் காலாவதி என்று சிவப்பு சிவப்பாகக் காட்டுகிறது, ஸ்டோரேஜ்தான் முதல் வரிசையில். மதர்போர்டு கம்பெனியின் பக்கத்தில் சாட்டா என்ற தலைப்பின் கீழ் மூன்று ஃபைல்கள் இருக்கின்றன, அதில் இரண்டில் ரெய்டு என்று போட்டிருக்கிறது. எதைப் போடுவது? இல்லை, அப்டேட்டரிடமே விட்டுவிடலாமா?

பழைய வட்டு:
முதலில் அந்த அப்டேட்டரைக் கம்ப்யூட்டரை விட்டு அனுப்புங்கள், மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

2006 ஜூன் 21 என்பது உங்கள் டிரைவர் எழுதப்பட்ட நாள் அல்ல. விண்டோஸோடு கூடவே வரும் பெரும்பாலான டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போட்டு வைத்திருக்கிறது. காரணம் எளிது. ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள் சம அளவில் பொருந்தினால் விண்டோஸ் எது புதிய தேதி என்று பார்த்துத்தான் எடுக்கும், அப்படியிருக்க ஒவ்வொரு விண்டோஸ் வெளியீட்டிலும் புதுத் தேதி போட்டால் நீங்கள் தேடிப் போட்ட கம்பெனி டிரைவரை விண்டோஸின் பொது டிரைவர் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் எப்போதும் பழசாகவே ஒரு தேதி. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் வெர்ஷன் எண்ணை. அது 10.0 என்று தொடங்கி, உங்கள் விண்டோஸ் பில்டின் எண்ணையே ஒட்டி இருக்கும். விண்டோஸ் அப்டேட் வரும்போது இதுவும் சேர்ந்து திருத்தப்படுகிறது, உங்களுக்குத் தனியாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ரெய்டு ஃபைல்கள் இரண்டு மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுபவர்களுக்கு. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) உங்கள் சாட்டா மோட் ஏஎச்சிஐ, அதாவது டிஸ்க்குகளைத் தனித்தனியாக ஓட்டும் சாதாரண முறை, என்று இருந்தால் தொடவே வேண்டாம். என்விஎம்இக்கும் விண்டோஸ் 8.1 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சாம்சங் மாதிரி சிலர் தனி என்விஎம்இ டிரைவர் கொடுத்தார்கள், அவர்களுடைய 950 முதல் 970 வரையான வரிசைக்கு அது இருந்தது. அதற்குப் பிறகு வந்த 980 வரிசைக்கு விண்டோஸின் டிரைவர்தான்.

நீலத்திரை:
அண்ணன் சொல்வதைக் கேளுங்கள், நான் கேட்காமல் பட்டவன். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நானும் இதே மாதிரி ஒரு அப்டேட்டரை நம்பி "அனைத்தையும் புதுப்பி" பட்டனை அழுத்தினேன். அது ஏஎச்சிஐயில் ஓடிக்கொண்டிருந்த கண்ட்ரோலருக்கு எங்கிருந்தோ ஒரு ரெய்டு டிரைவரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டது. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை, இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ், அதாவது விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை. எல்லாரும் "பிரச்சினை வந்தால் ரோல் பேக் டிரைவர் பட்டன் இருக்கிறதே" என்பார்கள், அந்தப் பட்டன் இருப்பது விண்டோஸுக்குள்ளே, விண்டோஸே ஏறாதபோது அதை எப்படி அழுத்துவது? சவுண்டு டிரைவர் கெட்டால் சத்தம்தான் போகும், ஸ்டோரேஜ் டிரைவர் கெட்டால் மற்ற டிரைவர்களைப் படிக்கவே டிஸ்க் கிடைக்காது.

என்னைக் காப்பாற்றியது ரெஸ்டோர் பாயிண்ட், அதாவது முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவு. சில முறை பூட் ஆகாமல் விழுந்ததும் ரெக்கவரி திரை தானாக வந்தது. அது தன் சொந்த டிரைவர்களோடு ஓடுவதால் அதற்கு மட்டும் டிஸ்க் தெரிந்தது, அங்கிருந்தே சிஸ்டம் ரெஸ்டோர் போட்டேன். ரெஸ்டோர் பாயிண்ட் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி தூக்கம் போயிருக்கும். ஆகவே எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் அதை ஒன்று உருவாக்கி வையுங்கள், முக்கியமான ஃபைல்களுக்கு வேறொரு டிஸ்க்கில் பேக்கப்.

வயர்மேன்:
எல்லாரும் டிரைவரைப் பற்றியே பேசுகிறீர்களே, அவர் கேட்டது உறைந்துபோவதைப் பற்றி அல்லவா?

இரவல் மவுஸ், ஈவென்ட் வியூவரை (விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் இடம்) திறந்து விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். உறைந்த நேரத்தில் 129, 153, 11, 7 இந்த எண்களில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 7 என்றால் டிஸ்க்கின் பரப்பிலேயே கெட்ட இடம், உடனே பேக்கப் எடுக்க வேண்டும். 129 என்றால் கதை வேறு. அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கின் பட்டியலில் 05, சி5, சி7 என்ற மூன்று வரிகளில் கடைசியாக உள்ள எண்ணை எழுதுங்கள்.

இரவல் மவுஸ்:
பார்த்தேன். இந்த மாதம் மட்டும் 31 தடவை 129 வந்திருக்கிறது, நான் குறித்து வைத்திருந்த நேரங்களோடு அப்படியே பொருந்துகிறது. "ரெய்டு போர்ட் 0க்கு ரீசெட் அனுப்பப்பட்டது" என்கிற பொருளில் ஒரு வரி. நான் ரெய்டே போடவில்லையே, அது எங்கிருந்து வந்தது? 05ம் சி5ம் சுழியம். சி7 வரியின் கடைசியில் டி6 என்று இருக்கிறது, இது எண்தானா?

வயர்மேன்:
ரெய்டு போர்ட் என்பது வெறும் பெயர். விண்டோஸின் ஸ்டோரேஜ் அடுக்கு எல்லாக் கண்ட்ரோலர்களையும் அப்படித்தான் அழைக்கிறது, ஏஎச்சிஐயாக இருந்தாலும் சரி, என்விஎம்இயாக இருந்தாலும் சரி. இந்தப் பெயரைப் பார்த்து ரெய்டு டிரைவர் தேடிப் போனவர்கள் நிறையப் பேர்.

டி6 எண்தான், அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டும், பத்தடிமானத்தில் 214. (அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.) சி7 எண்ணுவது என்னவென்றால், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் தோற்ற தடவைகள். 05ம் சி5ம் சுழியமாக இருப்பதால் டிஸ்க்கின் உள்ளே கெட்ட செக்டார் எதையும் அது பதிவு செய்யவில்லை, சிதைவு பாதையில்தான் நடக்கிறது. பாதை என்றால் அந்தச் சிவப்போ கறுப்போ ஒரு சாட்டா கேபிள். விண்டோஸ் ஒரு கட்டளை அனுப்புகிறது, பதில் வரவில்லை, கெடு முடியும் வரை காத்திருந்துவிட்டு ரீசெட் அனுப்புகிறது. நீங்கள் அரை நிமிடம் மவுஸை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பது அந்தக் காத்திருப்பில்தான்.

புது சாட்டா கேபிள் ஒன்று மாட்டுங்கள், கிளிப் வைத்ததாகப் பார்த்து. முடிந்தால் மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். கேபிள் கூர்மையாக மடங்கிக் கிடக்கக் கூடாது. மாட்டியதும் 214ஐ ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதன் பிறகும் 129 வந்தால் பவர் பிளக்கையும் வேறு மாற்றிப் பார்த்துவிட்டு, பவர் ஆப்ஷன்ஸில் மின்சிக்கன அமைப்பைத் தளர்த்திப் பார்க்கலாம். சாட்டா இணைப்பைத் தூங்க வைத்து எழுப்பும்போது சில டிஸ்க்குகள் மக்கர் பண்ணும். டிரைவர் கடைசியில்.

தலைகீழ்:
ஒரு சிறு மறுப்பு. "விண்டோஸில் இருப்பதே போதும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அவற்றில் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் இயங்கிக்கொண்டிருக்கும், எஸ்எஸ்டி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். விண்டோஸைப் புதிதாக ஏற்றப் போனால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும், எஸ்எஸ்டி செத்துவிட்டதென்று நினைத்துப் புதிது வாங்கப் போனவரை எனக்குத் தெரியும். அங்கே இன்டெல்லின் சொந்த ஸ்டோரேஜ் டிரைவரான ஆர்எஸ்டி வேண்டும். லேப்டாப் கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதை இறக்கி, பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரை யூஎஸ்பியில் போட்டு, லோட் டிரைவர் என்ற இடத்தில் காட்ட வேண்டும். சுருக்கிய நிறுவல் ஃபைலை அப்படியே வைத்தால் அது படிக்காது.

இதற்கு இன்னும் எஃப்6 டிரைவர் என்றுதான் பெயர். எக்ஸ்பி காலத்தில் நிறுவல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பி கொடுப்போம். ஃபிளாப்பி போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஆறாவது விரல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப்பின் பயாஸில் சாட்டா மோட் ரெய்டு என்றுதான் இருக்கிறது, உள்ளே இருப்பது ஒரே ஒரு எஸ்எஸ்டிதான். ஏஎச்சிஐக்கு மாற்றினால் வேகம் கூடுமா? விண்டோஸைத் திரும்ப ஏற்றாமல் மாற்ற முடியுமா?

தலைகீழ்:
வேகத்துக்காக என்றால் மெனக்கெட வேண்டாம், அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்டி மெதுவாக இருப்பதற்கு வேறு காரணங்கள்தான் அதிகம்: டிஸ்க் கழுத்துவரை நிரம்பியிருக்கும், சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும், அல்லது எம்.2 இடத்தில் சாட்டா வகையை மாட்டியிருப்பீர்கள், அதற்கு நொடிக்கு 550 எம்பி பக்கம்தான் எல்லை. பிசிஐஇ 3 நான்கு லேனில் ஓடும் என்விஎம்இ என்றால் 3500 வரை.

வேறு காரணத்துக்காக மாற்றியே ஆக வேண்டுமென்றால் முடியும், வரிசை முக்கியம். பயாஸில் மட்டும் மாற்றிவிட்டு வந்தால் நீலத்திரையின் கதிதான், ஏனென்றால் விண்டோஸ் தொடக்கத்தில் தனக்குத் தேவை என்று குறித்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவரை மட்டுமே எடுத்துக்கொண்டு கிளம்பும். சேஃப் மோடில் அப்படியில்லை, உள்ளே இருக்கும் பொது டிரைவர்களும் கூட வரும். ஆகவே விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் ஆகும்போது நேராக பயாஸுக்குள் போய் மோடை மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை ஏறட்டும், பிறகு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். இதற்கெல்லாம் முன்பு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கமான பிட்லாக்கர் இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பில் நீங்கள் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். பயாஸை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், அது கையில் இல்லையென்றால் தரவு போனது போனதுதான். கீயை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள். ஆப்டேன் கேஷ் (டிஸ்க்கை வேகமாக்க இன்டெல் சேர்த்த இடைநிலை நினைவகம்) இருக்கும் லேப்டாப் என்றால் முதலில் அதை ஆர்எஸ்டி மென்பொருளிலேயே முடக்க வேண்டும்.

ஆறாவது விரல்:
48 இலக்கம் என்று படித்ததும் ஆசை போய்விட்டது. இருப்பது அப்படியே இருக்கட்டும். நன்றி அண்ணா.

இரவல் மவுஸ்:
பத்து நாள் ஆகிறது. கேபிளை மாற்றினேன், பழையதைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், கேபினெட் கதவுக்குள் மடங்கி நசுங்கிக் கிடந்தது, நான் பூட்டியபோது செய்த வேலைதான். அன்றிலிருந்து ஒரு 129 கூட இல்லை, டிரைவர் எதையும் தொடவில்லை, அப்டேட்டரையும் நீக்கிவிட்டேன். ஆனால் சி7 இன்னும் 214லேயே நிற்கிறது. இதை எப்படிச் சுழியமாக்குவது?

வயர்மேன்:
ஆக்க முடியாது, அது டிஸ்க் தன் வாழ்நாள் முழுக்க எண்ணும் கணக்கு, இறங்காது. 215 ஆனால் வாருங்கள்.