மறுமொழி: பழைய பிக்கப் வண்டியின் 'பேலோடு': ஏற்றுசுமையா, சுமைவரம்பா?

கோத்தகிரியிலிருந்து:

அன்புடையீர், மலைக்காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கான கையேட்டில், பழைய பிக்கப் வண்டியின் விவரங்களைக் கண்டறியும் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள இரண்டு எடைகளுக்கு 'மொத்த எடை' (சுமையோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை), 'வெற்றெடை' (காலி வண்டியின் எடை) என்பன போதும். முன்னது 2,950 கிலோ, பின்னது 1,750 கிலோ என்றால், கழித்து மிஞ்சும் 1,200 கிலோவை என்னவென்று அழைப்பது? இப்போதைக்கு 'ஏற்றுசுமை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

குன்னூரிலிருந்து:

'பண்டப்பொறை' என்பதே என் பரிந்துரை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், பண்டம் பெரிது பெய்த சகடத்தை ஓட்டும் உமணர், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று அஞ்சி, கீழ்மரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். மலைப்பாதை ஓட்டுநருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி ஏது? 'பொறு' என்னும் அடியிலிருந்து பிறந்த 'பொறை' தாங்குதலையும் குறிக்கும், தாங்கப்படும் பாரத்தையும் குறிக்கும். மலைக்கும் அதுவே பெயர். சேரருக்குப் 'பொறையன்' என்ற பெயர் வந்தது அதனால்தான் என்று விரித்துச் சொல்ல இடமுண்டு, நேரமில்லை.

உதகையிலிருந்து:

நேரமில்லாதது நல்லதாயிற்று. பண்டப்பொறை பொருளாலேயே பிழைபடுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வெற்றெடையில் ஓட்டுநரையும் உதவியாளரையும் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த 1,200 கிலோவுக்குள் அவர்கள் இருவரும் அடக்கம். அவர்கள் பண்டமா?

'ஏற்றுசுமை'யும் வினைத்தொகை என்பதால் ஏற்றிய, ஏற்றுகின்ற, ஏற்றும் சுமை என மூன்று காலத்துக்கும் இடம் தருகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒன்றரை டன் கேரட்டோடு அந்த வண்டி இறங்கினால், அளவு மீறிய அந்தப் பாரமும் இலக்கணப்படி ஏற்றுசுமைதான். நமக்கு வேண்டியது வண்டியில் இருக்கிற சுமையன்று, இருக்கத்தக்க சுமை. 'சுமைவரம்பு' என்றால் அது மயக்கமின்றி விளங்கும்.

கூடலூரிலிருந்து:

பணிமனை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களிடம் வருபவர் எவரும் வரம்பையோ பொறையையோ கேட்பதில்லை, 'பாசிங் எவ்வளவு?', அதாவது பதிவில் அனுமதித்த சுமை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அச்சொல்லை விலக்கிவிட்டால் கையேடு யாருக்கு?

தவிரவும், புத்தகக் கணக்கு ஒன்று, வண்டி தாங்குவது வேறொன்று. பழைய வண்டிகளில் எடை பொறித்த தகடு கழன்றிருக்கும், மரத்தட்டை எடுத்துவிட்டு இரும்புத்தட்டு அடித்திருப்பார்கள், வெற்றெடையே மாறியிருக்கும். எடைமேடையில் காலி வண்டியை முழுதாக ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறையும் நிறுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியெண் 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பின்னிரண்டும் சேர்ந்து 1,600. காலியாகவே பின்பக்கம் 750 கிலோ இருந்தால் மிச்சம் 850தான். 1,200 கிலோவில் ஆயிரம் பின்னச்சில் விழுந்தாலே டயரின் அளவு மீறிவிடும். பின்பக்கப் பட்டைவில்லில் (லீஃப் ஸ்பிரிங்) இரண்டு பட்டை கூட்டிவிட்டால் வண்டி அதிகம் தாங்கும் என்று நம்புகிறவர்கள், டயரும் அச்சும் பிரேக்கும் பழையனவே என்பதை மறக்கிறார்கள். கல்லட்டியின் 36 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது பட்டையா பிரேக் பிடிக்கும்? எனவே 'சுமைவரம்பு' என்று ஒரே சொல்லை வைப்பதைவிட, 'பதிவு வரம்பு', 'டயர் வரம்பு' என்று பிரித்து, இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் 'சுமைவரம்பு', அடுத்த வரியிலேயே 'ஓட்டுநர் வழக்கில் பாசிங்', அதன் கீழ்க் கூடலூர் நண்பரின் இரு வரம்புகள் என்று அமைத்துவிட்டேன். இருவர் பதிலே அனுப்பவில்லை. அதை இசைவாகக் கொள்கிறேன்.

குன்னூரிலிருந்து:

என் இசைவாகக் கொள்ள வேண்டாம். ஆட்கள் பண்டமல்லர் என்பதை ஏற்கிறேன். அதனால் 'பண்ட'த்தை மட்டும் நீக்கினால் போதும், 'பொறை' அப்படியே நிற்கும். அடுத்த பதிப்புக்கு முன் பொறையனைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.