ஓப்பலாகப் பிறந்து சாட்டர்னாக வந்த கார்: ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மிச்சிகன்வாசி

சென்னையில் எங்கள் சித்தப்பா ஓப்பல் அஸ்ட்ரா வைத்திருந்தார். ஓப்பல், அப்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வசமிருந்த ஜெர்மன் நிறுவனம். ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் குஜராத்தின் ஹாலோல் ஆலையில் தயாரித்து விற்ற கார் அது. கதவைச் சாத்தினால் கனமாக, அடக்கமாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே திறந்து திறந்து மூடுவேன்.

2011-இல் வேலைக்காக மிச்சிகன் வந்தேன். பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில் ஐந்து கதவு ஹாட்ச்பேக் ஒன்று நின்றது. கதவைச் சாத்திப் பார்த்தேன். அதே சத்தம்! முகப்பில் சாட்டர்ன் சின்னம், பின்னால் அஸ்ட்ரா என்று எழுத்து. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஜப்பானியச் சிறு கார்களுக்குப் போட்டியாக 1985-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய கம்பெனி சாட்டர்ன். டென்னசியில் ஸ்பிரிங் ஹில் என்ற ஊரில் ஆலை. பேரம் பேச வேண்டாத ஒரே விலை. லேசாக இடித்தால் நசுங்காத பிளாஸ்டிக் கதவுகள். ஜனங்கள் உண்மையாகவே நேசித்த பெயர். பிற்பாடு புது மாடலுக்குப் பணம் போடாமல் வாட விட்டார்கள். கடைசியில் ஐரோப்பாவிலிருந்த ஓப்பல் அஸ்ட்ராவையே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆலையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, சின்னத்தை மாற்றி, 2008 மாடலாக விற்றார்கள். 1.8 லிட்டர் இன்ஜின், 138 குதிரைத்திறன்.

காரில் குறை இல்லை என்பதுதான் என் கருத்து. கணக்குதான் இடித்தது. செலவு யூரோவில், விற்பனை டாலரில். 2008 கோடையில் ஒரு யூரோ 1.60 டாலர் வரை ஏறியிருந்தது. அந்த நிலையில் சிறிய கார் விலைக்கு இதை விற்று எப்படிக் கட்டுப்படியாகும்? அமெரிக்கருக்கென்று பெரிதாக எதையும் மாற்றவும் இல்லை. பாட்டுக் கருவியை இணைக்கும் சாக்கெட் கிடையாது, கோப்பை வைக்கும் இடமோ பெயருக்குத்தான். நமக்கு இவை சின்ன விஷயம். காலையில் பெரிய காபிக் கோப்பையோடு ஏறுகிறவருக்கு அப்படி இல்லை.

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. சாட்டர்னை வாங்குவதாக இருந்த பென்ஸ்கி நிறுவனம் செப்டம்பர் 30 அன்று பின்வாங்கியது. 2010 முடிவதற்குள் சாட்டர்னும் இல்லை, ஆன்ட்வெர்ப் ஆலையும் இல்லை. புகுந்த வீடும் பிறந்த வீடும் பூட்டிய பிறகு இந்தக் கார் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு நவம்பர் மாலை மான் ஒன்று குறுக்கே பாய்ந்து, என் பக்கத்து சைடு மிரரின் கூடு நொறுங்கிப்போனது. மான் ஓடிவிட்டது, யாருக்கும் அடி இல்லை. உதிரிபாகக் கடையில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் ஆகலாம், வராமலும் போகலாம்" என்றார்கள். ஜெர்மனியில் இருக்கும் நண்பனிடம் சாட்டர்ன் என்ற பேச்சையே எடுக்காமல், "ஓப்பல் அஸ்ட்ரா, இடது மிரர்" என்று மட்டும் சொன்னேன். ஒன்பதாம் நாள் பார்சல் வந்துவிட்டது. கூடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதிலிருந்த கண்ணாடி வளைந்தது, பின்னால் வரும் வண்டியைத் தள்ளிக் காட்டும். அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்லவேளை, என் பழைய கண்ணாடி உடையவில்லை. அதைக் கழற்றிப் புதுக் கூட்டில் மாட்டினேன். அன்றிலிருந்து எது தேவைப்பட்டாலும் முதலில் ஓப்பல் பெயரில்தான் தேடுகிறேன்.

பழையகார்ப்பிரியன்

தம்பி, இந்தக் கதை உங்கள் காலத்துக்கு முன்பே ஒருமுறை நடந்தது. 1986-இல் நான் ஒஹாயோவில் மாணவன். எங்கள் பேராசிரியர் மெர்க்கூர் எக்ஸ்ஆர்4டிஐ வைத்திருந்தார். பின்புறம் மேலும் கீழுமாக இரட்டை ஸ்பாய்லர். பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள். அது ஐரோப்பிய ஃபோர்டு சியரா. ஜெர்மனியில் கார்மன் நிறுவனம் தயாரித்துத் தர, அமெரிக்க ஃபோர்டின் 2.3 லிட்டர் டர்போ இன்ஜினோடு இங்கே வந்தது. மேனுவல் கியர் என்றால் 175 குதிரைத்திறன். சியரா என்ற பெயரை இங்கே வைக்க முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்சி டிரக்குக்கு அந்தப் பெயர், அதே நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபீல் பிராண்டில் சியெரா என்று அதே ஒலியில் இன்னொன்று. ஆகவே ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரி என்பதன் ஜெர்மன் வடிவத்தையே புது பிராண்டின் பெயராக வைத்தார்கள்.

நானும் ஆசைப்பட்டு ஒரு ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கப்பல் போன்ற பெரிய மெர்க்குரி கார்கள், வாங்க வந்தவர்களும் வயதானவர்கள். மூலையில் இந்த ஜெர்மன் கார் தனியாக நின்றது. வாங்கும் வசதி எனக்கு இல்லை, வசதி உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1989-உடன் மெர்க்கூர் முடிந்தது. பனியில் அந்தப் பேராசிரியர் பின்சக்கர இழுவையை அடக்கி ஓட்டிய கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

டெக்சாஸ்_தமிழ்

என்னுடையது புதுக்கதை. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிராண்டில் வந்த 2018 ரீகல் டூர்எக்ஸ், ஸ்டேஷன் வேகன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தயாரித்த இடம் ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் என்று இருந்தது. ஓப்பல் இன்சிக்னியாதான். இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், 2017-லேயே ஓப்பலை ஜெனரல் மோட்டார்ஸ் பிரான்சின் பிஎஸ்ஏ என்ற கார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆக, போட்டியாளரின் ஆலையில் தயாரித்த காரில்தான் என் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். 2020-உடன் இதையும் நிறுத்திவிட்டார்கள். எஸ்யூவி வாங்குங்கள் என்று அன்று எத்தனை பேர் சொன்னார்கள்! இப்போது பெட்ரோல் பங்கில் யாராவது வந்து "இது என்ன கார்?" என்று கேட்காத மாதம் இல்லை.

கோவைப்பையன்

அண்ணா, ஒரு 2008 அஸ்ட்ரா விலைக்கு வருது, 90,000 மைல் ஓடியிருக்கு. வாங்கலாமா? அமெரிக்காவில் செஞ்சதா ஐரோப்பாவில் செஞ்சதான்னு எப்படிப் பாக்கறது?

மிச்சிகன்வாசி

தாராளமாகப் பாருங்கள் தம்பி. ஒவ்வொரு காருக்கும் விஐஎன் என்ற தனி அடையாள எண் உண்டு. அஸ்ட்ராவுக்கு அது 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும். அமெரிக்காவில் செய்ததென்றால் 1, 4, 5 போன்ற எண்ணில் தொடங்கும். இன்ஜினைப் பற்றிப் பயம் வேண்டாம். இதே குடும்பத்து 1.8 இன்ஜின் பின்னால் செவ்ரோலே க்ரூஸிலும் சோனிக்கிலும் வந்தது, அதனால் அந்தப் பக்கத்துச் சாமான்கள் பல உள்ளூரிலேயே கிடைக்கும். பாடி சாமான், உள் அலங்காரம் ஆகியவற்றுக்குத்தான் ஐரோப்பா. பிரிட்டனிலிருந்து ஹெட்லைட் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அங்கே இடப்பக்கம் ஓட்டுவதால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். டயர் கடைக்குப் போனால் சக்கரத்துக்கு நட் இல்லை, போல்ட் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

முக்கியமாக டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினின் உள் அசைவுகளை ஒத்துப்போக வைக்கும் பட்டை. 1,00,000 மைலுக்கு முன்பே மாற்றியாக வேண்டும். அறுந்தால் இன்ஜினே போய்விடும். மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லி வாங்குங்கள்.