பூட் ஆகாத லேப்டாப்: முதலில் பிரதி, அப்புறம்தான் பழுது பார்ப்பது

அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். திரும்பப் போட்டால் லினக்ஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' (லினக்ஸ் தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு தற்காலிக அமைப்பு) என்று ஒரு வரி, அதற்கு மேலே எஃப்எஸ்சிகே-வை, அதாவது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளையை, கையால் ஓட்டச் சொல்லும் செய்தி. ஓட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஒய்' கொடுத்தேன். பூட் ஆனது, நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் அதே திரை. இந்த முறை செய்திகளை நிதானமாகப் படித்தேன். 'ஐ/ஓ எரர்' (படிக்க, எழுத முடியாத பிழை) என்று செக்டர் எண்ணோடு, அதாவது டிஸ்க்கின் சிறு துண்டின் எண்ணோடு, வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. திடீரென்று அணைந்ததால் ஃபைல் சிஸ்டத்தின் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் அமைப்பின்) கணக்கு குழம்புவது வேறு, டிஸ்க்கே படிக்க முடியாமல் போவது வேறு. முதலாவதற்கு எஃப்எஸ்சிகே நல்ல மருந்து. இரண்டாவதற்கு அதைக் கொடுத்தால், நலிந்துபோன டிஸ்க்கில் எழுதவும் செய்யும், மிச்சமிருப்பதையும் கலைத்துவிடும். அந்த டிஸ்க்கில் என் தங்கையின் ஆய்வேடு இருந்தது. கை நடுங்கியது.

உடனே அணைத்துவிட்டு, லைவ் யுஎஸ்பி-யில் (லினக்ஸை நேராக ஓட்டும் பென் டிரைவில்) பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்யாமலே, அதாவது ஃபைல்களைத் திறக்க இணைக்காமலே, ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றி எண்ணிட்டு வைத்திருக்கும் பட்டியலை) பார்த்தேன். 197-ஆம் எண்ணில் வருவது 'பென்டிங் செக்டர்', அதாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். எனக்கு 312 இருந்தது. 5-ஆம் எண்ணில் வரும் 'ரீஅலோகேட்டட்' (கெட்டதற்குப் பதிலாக மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள்) கணக்கும் பூஜ்யமாக இல்லை. அதற்குமேல் சந்தேகம் இல்லை.

அப்புறம் டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும் கருவி. இதைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்றில் முழு இமேஜ் (டிஸ்க்கின் அச்சுப் பிரதி) எடுத்தேன். முதல் ஓட்டத்தில் நல்ல பகுதிகளை மட்டும் அள்ளச் சொன்னேன், சிரமமான இடங்களைச் சுரண்டும் வேலையை இரண்டாம் ஓட்டத்துக்கு விட்டேன். மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில்தான் குறித்துக்கொள்ளும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனக்கு இரண்டு முறை நின்றது. இரவு முழுக்க ஓடி, கடைசியில் 2 எம்பி-க்கும் குறைவாகத்தான் படிக்க முடியாமல் மிஞ்சியது.

எஃப்எஸ்சிகே-வை அந்த இமேஜின் இன்னொரு பிரதியில்தான் ஓட்டினேன். ஆய்வேடு அதன் ஃபோல்டரில் இல்லை. எஃப்எஸ்சிகே அநாதை ஃபைல்களைப் போடும் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டர் உள்ளே பெயர் போய், வெறும் எண்களாக நூற்றுக்கணக்கான ஃபைல்கள் கிடந்தன. 'ஃபைல்' கட்டளை கொடுத்தால் உள்ளடக்கத்தைப் பார்த்து வகை சொல்லும். வேர்டு ஆவணம் என்று அது சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினொன்றாவதில் முதல் பக்கம் வந்தது.

*

இன்னொருவரின் அனுபவம்: எனக்கு இதே பூட் ஆகாத சிக்கல் விண்டோஸில் நடந்தது. தானாகப் பழுதுபார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே சுற்றிக்கொண்டிருந்தது. கட்டளைத் திரைக்குப் போனால் பிட்லாக்கரின் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதியின்) 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. நல்லவேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. ஆனால் டிஸ்க்கில் கோளாறே இல்லை! பென்டிங், ரீஅலோகேட்டட் இரண்டும் பூஜ்யம், 199-ஆம் எண்ணான சிஆர்சி பிழை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தகவல் கெடுவதைக் காட்டும். கேபிளை மாற்றியதும் நின்றுவிட்டது. புது டிஸ்க் வாங்கும் முன் அந்த எண்ணையும் பாருங்கள்.

*

மூன்றாமவரின் அனுபவம்: மேலே சொன்ன எதுவும் 'டிக் டிக்' என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்தாது. ஹெட் (தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை) போயிருக்கலாம், ஓட ஓடத் தட்டைக் கீறும். என்னுடையதை 'இன்னொரு தடவை' என்று நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். டேட்டா மீட்பு நிலையத்தில் திறந்தபோது தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. ஒரு ஃபைல்கூடத் திரும்பவில்லை. சத்தம் கேட்டால் பவரைப் பிடுங்கிவிட்டு நேராக அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.