சாயல்குடி கடல் பக்கம் பூராம் உப்புத் தண்ணி நெலமா? யாரு சொன்னது?

பனங்காட்டு நரி:
பக்கத்துத் திரியில மனை ராசான்னு ஒருத்தர் எழுதிருக்காரு, அத அப்படியே இங்க ஒட்டுறேன். //சாயல்குடில இருந்து மூக்கையூர், நரிப்பையூர் வரைக்கும் ஈசிஆருக்குக் கடல் பக்கம் கெடக்கறது பூராம் உப்புத் தண்ணி நெலம். பனையும் கருவேலும் தவிர ஒன்னும் வராது. இப்ப கெடைக்கற வெலைக்குத் தள்ளிவிட்டுட்டு மதுரைல ஒரு பிளாட் வாங்குறவன்தான் பொழைக்கத் தெரிஞ்சவன்.//

பூராம் உப்புத் தண்ணியாம். எங்க தாத்தா வெட்டுன கெணறு இன்னிக்கும் இருக்கு, உப்புத் தண்ணில வேகாத துவரம் பருப்பு அதுல எறைச்ச தண்ணில வேகும், சித்திரைலயும் வேகும். ராமநாதபுரத்துக்காரனுக்கு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? இவரு எந்தக் கெணத்துல எறங்கிப் பாத்தாரு? இந்த ஒரு பேச்ச வச்சுத்தான் எங்க ஊர்ல நாலஞ்சு குடும்பத்துக்கிட்ட அடிமாட்டு வெலைக்கு எழுதி வாங்கிருக்காங்க. என் கூடப் பொறந்தவனே இந்தப் பதிவ எனக்கு வாட்ஸாப்ல அனுப்பி, பாத்தியா ஊரே சொல்லுது வித்துருவோம்ங்கறான். எனக்கு வயிறு எரியுதா இல்லையா?

மனை ராசா:
பேரச் சொல்லிக் கூப்பிட்டதுக்கு நன்றிண்ணே. எழுதுனதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அந்தப் பக்கம் 100 அடி போர் போட்டுப் பாருங்க, வர்ற தண்ணில சோப்பு நொரைக்காது. வாங்க வர்ற பார்ட்டி மொதல்ல கேக்கறதே தண்ணி எப்படின்னுதான். பொய் சொல்லி வித்துட்டு நாளைக்கு நான் ஏச்சு வாங்கணுமா? கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட்ட நரிப்பையூர்ல எதுக்குக் கொண்டாந்து வச்சாங்களாம், அங்க தேனா ஓடுச்சுன்னா?

பனங்காட்டு நரி:
//100 அடி போர்//
இதத்தான் எதிர்பாத்தேன். கடற்கரைல 100 அடி போட்டா உப்புதான்யா வரும். மழைத் தண்ணி மணல்ல எறங்கி மேலாக்க நிக்கும், கீழ கடல் தண்ணி நிக்கும், நல்ல தண்ணி லேசு அதனால மெதக்குது, அவ்வளவுதான் விஷயம். அதனாலதான் நம்ம பெருசுங்க 15 அடி 18 அடியோட கெணத்த நிறுத்திருவாங்க. பொம்பளையாளுங்க மணல்ல ஊத்துத் தோண்டி செரட்டையால மோந்து மோந்து கொடத்த ரொப்புனது எந்தத் தண்ணிய? எங்க கெணத்துல அரை மணி நேரம் மோட்டார் ஓட்டி நிறுத்திருவோம், விடாம ஓட்டுனா கீழ உள்ள உப்பு மேல ஏறி வந்துரும், அப்புறம் நல்ல மழை பேஞ்சாத்தான் பழையபடி வரும். இது தெரியாம போர் வண்டிய எறக்கி உப்ப மேல இழுத்து விட்டுட்டு, பாத்தீங்களா உப்புன்னு சொல்றது யாரு? உங்களமாதிரி ஆளுங்கதான். கெணத்துத் தண்ணில பருப்பு வேகுமா வேகாதா, அதுக்குப் பதில் சொல்லுங்க.

மண்டபம் மச்சான்:
அரை மணி நேரத்துக்கு மேல மோட்டார் ஓட்டக் கூடாதுன்னா அது தண்ணி உள்ள நெலமாப்பு?

பனங்காட்டு நரி:
மண்டபத்துல இருக்கறவருக்கு சாயல்குடியப் பத்தி என்ன தெரியும்னு உள்ள வர்றாரு.

மண்டபம் மச்சான்:
என் பொண்டாட்டி ஊரு கன்னிராஜபுரம், சாயல்குடிக்குப் பக்கம்தான். போதுமா?

உச்சிப்புளி அக்கா:
நாங்க தென்னந்தோப்ப வித்தவங்க. உச்சிப்புளிப் பக்கம் தண்ணியப் பத்தி யாரும் குறை சொல்ல முடியாது, அப்படிப்பட்ட எடத்தையே வித்தோம். தேங்கா வெட்ட ஆள் இல்ல, மட்டை பொறுக்க ஆள் இல்ல, தோப்புக்குக் காவல் இல்லைன்னா ராத்திரியோட ராத்திரியா காய் போயிரும். வித்த காசுல மகள நர்சிங் படிக்க வச்சோம், இன்னிக்கு அவ சம்பாத்தியத்துல வீடு நிக்குது. இதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, யாருக்கிட்டயும் தலை குனியவும் இல்ல. நரி அண்ணே, பருப்பு வெந்துச்சான்னு நான் கேக்கல. போன வருஷம் அந்த நெலத்துல இருந்து வீட்டுக்குக் காசு எவ்வளவு வந்துச்சு? அதச் சொல்லுங்க.

பனங்காட்டு நரி:
அக்கா, காசுக் கணக்கு வேற. நொங்கு இருக்கு, பதனி இருக்கு, ஓலை இருக்கு, வேலிக்கருவைய வெட்டி மூட்டம் போட்டா கரி இருக்கு. ஏறுறதுக்கு ஆள் கம்மியாயிருச்சு, அது மரத்து மேல தப்பா? நான் ஒன்னு கேக்கறேன். வித்த தோப்ப இன்னிக்கு வெலைக்கு உங்களால திருப்பி வாங்க முடியுமா?

உச்சிப்புளி அக்கா:
எதுக்குத் திருப்பி வாங்கணும்? கேட்டதுக்குப் பதில் வரல.

மனை ராசா:
அக்கா சொன்னது 100க்கு 100. இப்ப ஏன் விக்கச் சொல்றேன்னா, நம்ம மாவட்டத்துக்கு இப்பதான் நேரம் வந்துருக்கு. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் ரயில் பாலம் தெறந்தாச்சு. பரமக்குடி ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டர் நாலு வழிச் சாலைக்கு 1,853 கோடி ஒப்புதல் ஆயாச்சு. ராமேஸ்வரம் ஏர்போர்ட்னு 2025 தமிழ்நாடு பட்ஜெட்லயே அறிவிச்சாச்சு. கேக்கற ஆள் இருக்கும்போது குடுக்கணும். அப்புறம் நாமளா தேடிப் போனா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்.

பனங்காட்டு நரி:
நல்லா இருக்கே கத. பாம்பன் பாலத்துக்கும் சாயல்குடிக்கும் என்னய்யா சம்பந்தம்? பரமக்குடி ரோட்டுக்கும் மூக்கையூருக்கும் என்ன சம்பந்தம்? அப்படியே நம்ம பக்கமும் ஏறும்னா நான் ஏன் இப்ப விக்கணும், ஏறுற வரைக்கும் வச்சிருக்க மாட்டேனா?

ஒரு சங்கதி சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. எங்களுக்கு வடக்க ஒரு பங்காளியோட புஞ்சை. புரோக்கர் வந்து உப்புத் தண்ணி, பொட்டக்காடு, கருவேல் அழிக்கவே தனியா செலவாகும்னு பேசிப் பேசி செண்டு பதினஞ்சாயிரத்துக்கு முடிச்சாரு. கருவேல தோண்டுனாங்க, பனையச் சாச்சாங்க, கல்லு நட்டு ஆர்ச்சு வச்சாங்க. ஆர்ச்சுல மாட்டுன போர்டுல என்ன எழுதிருந்துச்சு தெரியுமா? "கடல் காற்று, சுவையான நிலத்தடி நீர்". செண்டு ஒரு லட்சம். அதே மண்ணு, அதே தண்ணி. வாங்கும்போது உப்பு, விக்கும்போது சுவையான நீர். இந்த வேலையத்தான் நான் கேக்கறேன். மனை ராசா இதுக்கு என்ன சொல்றாரு?

மனை ராசா:
அது நான் போட்ட மனை இல்ல. யாரோ செஞ்சதுக்கு என்ன ஏன் கேக்கறீங்க? அவங்க டேங்கர்ல தண்ணி அடிச்சுக் குடுப்பாங்க. போர் போட்டா உப்புதான்.

துபாய் கீழக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். நரி காக்கா சொல்ற போர்டு ஈசிஆர்ல போறப்ப நானும் பாத்துருக்கேன். ஆனா ஒரு லட்சத்துக்கெல்லாம் அங்க யாரும் வாங்கல, அது எழுதி வச்ச வெலை, பேசுனா பாதிக்கு எறங்குவாங்க.

பனங்காட்டு நரி:
பாதின்னாலும் அம்பதாயிரம் பாய். பதினஞ்சாயிரத்துக்கு வாங்குனது.

மண்டபம் மச்சான்:
வெலைய ஏத்தி விட்டதே இந்த துபாய் காசுதான். ரம்ஜானுக்கு ஒரு மாசம் வந்து கேட்ட வெலைய எண்ணி வச்சிட்டுப் போயிருவாங்க, ஊர்ல கெடக்கறவன் ஒரு செண்டு வாங்க முடியல.

துபாய் கீழக்கரை:
மச்சான், வார்த்தைய அளந்து பேசுங்க. 50 டிகிரி வெயில்ல நின்னு சம்பாதிச்சு ஊர்ல நாலு செண்டு வாங்குனா அது குத்தமா? வித்தவங்க யாரு, உங்க ஆளுங்கதான, வேணாம்னா விக்காம இருந்துருக்கலாம்ல? போன வருஷம் பள்ளிவாசல் ரோடு திரியிலயும் நீங்க இதே பேச்சுதான் பேசுனீங்க.

மண்டபம் மச்சான்:
அப்ப சொன்னதும் உண்மை, இப்ப சொல்றதும் உண்மை.

சர்வே கல்லு:
ரெவின்யூல இருந்தவன்ங்கற முறைல சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. தண்ணி உப்பா இனிப்பாங்கறது பத்திரத்துல வராது. நரி, ஒங்க பட்டா யார் பேர்ல இருக்கு? தாத்தா பேர்லயே கெடக்கா, கூட்டுப் பட்டாவா? யுடிஆர்ல, அதாவது பழைய நெலப் பதிவேட்டப் புதுப்பிச்சப்ப, நம்ம பக்கம் எத்தனையோ பேருக்கு சர்வே நம்பர் தப்பா ஏறிருக்கு, அ-பதிவேடு, அதாவது கிராமத்து நெலக் கணக்கு, எடுத்துப் பாருங்க. அது நேராகாம விக்கறதா வேணாமான்னு பேசுறதே வீண் பேச்சு. ரெண்டாவது, விவசாய நெலமாவே வித்தா, பக்கத்துல 10 ஆயிரம் ஜனத்தொகைக்கு மேல உள்ள டவுனோட எல்லைல இருந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தா மூலதன ஆதாய வரி கெடையாது, டவுன்ல ஒரு லட்சத்துக்கு மேல ஜனம் இருந்தா 6 கிலோமீட்டர். நீங்களே மனையாக்கி வித்தீங்கன்னா அது வேற கணக்கு. வாங்குறவருக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேத்து 9 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி 11 இருந்துச்சு, ஆனா 2017ல கொறைச்ச வழிகாட்டி மதிப்ப, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கற வெலைய, அப்ப பழையபடி ஏத்திட்டாங்க. அதனால வெலைய கொறைச்சு எழுதுவோம், மிச்சத்தக் கைல தர்றோம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ரொக்கமா 20 ஆயிரத்துக்கு மேல வாங்குனா வித்தவனுக்குத்தான் சிக்கல். மறுபடி கேக்கறேன், பட்டா யாரு பேர்ல?

மனை ராசா:
சார் சொல்றது எல்லாம் சரி, ஆனா நடைமுறைனு ஒன்னு இருக்கு. எல்லாரும் செக்குல வாங்கிட்டா ஊர்ல ஒரு பத்திரமும் பதிவாகாது.

சர்வே கல்லு:
அந்த நடைமுறையாலதான் பாதிப் பேரு கோர்ட்டு வாசல்ல நிக்கறான். பிளாட்டுனு சொல்றீங்களே, அங்கீகாரம் இல்லாத மனைய 2016ல இருந்தே பதிய முடியாது, தெரியுமா தெரியாதா?

பனங்காட்டு நரி:
சார் நல்லா கேட்டீங்க. கடல ஒட்டி மனை போடுறாங்களே, அலை ஏறி வர்ற கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள புதுசா வீடு கட்ட முடியாதுன்னு கடலோர ஒழுங்குமுறைல இருக்கா இல்லையா?

சர்வே கல்லு:
ஜனநெருக்கம் கம்மியான கிராமத்துக்கு 200 மீட்டர். நெருக்கமான கிராமத்துக்கு 2019 அறிவிக்கைல 50ன்னு கொறைச்சிருக்காங்க, அதுக்கும் கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் ஆகியிருக்கணும். பட்டா?

பனங்காட்டு நரி:
வந்துருச்சு பாத்தீங்களா, 200 மீட்டர். இத சொல்லாம பீச்சு மனை பீச்சு மனைன்னு வித்துக்கிட்டு, எங்க நெலத்த உப்புத் தண்ணிங்கறாங்க. 2016ல கமுதில 648 மெகாவாட் சோலார் வந்துச்சே, அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தையும் பொட்டல்னுதான் பேசுனாங்க. எங்க கெணத்துல பருப்பு வேகும். யாரு வேணாலும் வாங்க, ஒரு படி பருப்பு நானே தர்றேன், வேக வச்சுப் பாத்துட்டு வந்து எழுதுங்க.

உச்சிப்புளி அக்கா:
சரிண்ணே, பருப்பு வேகட்டும். உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? அக்கா தங்கச்சி இருக்காங்களா? அவங்க என்ன சொல்றாங்க?

பனங்காட்டு நரி:
ரெண்டு அக்கா இருக்காங்க. கட்டிக் குடுத்தாச்சு, நகை போட்டாச்சு, சீரு செஞ்சாச்சு. அவங்க இதுல தலையிட மாட்டாங்க.

உச்சிப்புளி அக்கா:
ஓ. அப்படியா சங்கதி. நெலத்த விக்கக் கூடாது விக்கக் கூடாதுன்னு இத்தனை நேரம் சாமியாடுனது பாட்டன் சொத்துக்காகன்னு நெனச்சேன். பொம்பளைப் புள்ளைக்கும் அது பாட்டன் சொத்துதான். 2005ல சட்டமே வந்தாச்சு, அப்பா அப்ப உயிரோட இல்லைன்னாலும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. நகை போட்டா பங்கு போச்சா? எந்த ஊரு நியாயம் இது?

பனங்காட்டு நரி:
அக்கா இது எங்க குடும்ப விவகாரம். திரி எதப் பத்தி? தண்ணியப் பத்தி.

சர்வே கல்லு:
அந்தம்மா சொல்றது சரிதான். ஒங்க ரெண்டு அக்காமாரும் கையெழுத்துப் போடாம நீங்களும் விக்க முடியாது, ஒங்க தம்பியும் விக்க முடியாது. அதுக்குத்தான் பட்டாவக் கேட்டேன்.

மண்டபம் மச்சான்:
அப்ப இம்புட்டு நேரம் விக்க முடியாத நெலத்த விக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்துருக்காரு.

பனங்காட்டு நரி:
ஏய் மண்டபம், பொண்டாட்டி ஊரு கன்னிராஜபுரம்னு சொன்னேல்ல, ஒங்க மாமனார் வீட்டு ஆளுங்க பனைய வெட்டி செங்கச் சூளைக்கு ஏத்துனது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சியா? பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொன்னாங்க. வாங்குனீங்களா?

மண்டபம் மச்சான்:
குடும்பத்த இழுக்காத. எங்க மாமனார் வீட்டுக்காரங்க வெட்டுனது பட்டுப்போன மரம். நீ கரி மூட்டம் போடுறப்ப பொகை ஊரையே மூடுது, அத எவன்கிட்ட சொல்ல?

துபாய் கீழக்கரை:
பட்டுப்போன மரம்னு சொல்லித்தான் எல்லாரும் வெட்டுறாங்க.

மண்டபம் மச்சான்:
நீங்க துபாய்ல இருந்துகிட்டு எங்க மரத்த எண்ணாதீங்க பாய்.

மனை ராசா:
பொறுங்கப்பா. கடைசியா ஒன்னு. உப்பூர்ல அனல்மின் நிலையம் வருதுன்னு சுத்துப்பட்டு பூராம் வெலை சொல்லிக்கிட்டு உக்காந்துருந்தாங்க. கேஸ் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயி வேலை பாதில நின்னுச்சு. வந்த பார்ட்டிய அனுப்பிட்டு இன்னிக்கும் அங்க உக்காந்துருக்கவங்க இருக்காங்க. நம்ம பக்கமும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன். எனக்கு கமிஷன் 2 சதவீதம்தான், அதுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. போர் போட்டா உப்பு. உப்புன்னா உப்புதான்.

பனங்காட்டு நரி:
கெணறுய்யா. கெணறு. போர் இல்ல. எத்தனை வாட்டி எழுதறது?

சர்வே கல்லு:
அ-பதிவேட்டு நகல எடுத்துட்டு வாங்க நரி, மத்தத அப்புறம் பேசலாம்.

பனங்காட்டு நரி:
சார், பட்டா தாத்தா பேர்லதான் இருக்கு, எங்க ஊர்ல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு, அதுக்காகத் தண்ணி உப்பாயிருமா? மனை ராசா மொதல்ல அந்தப் "பூராம்"ங்கற வார்த்தைய எடுக்கட்டும். அத எடுக்காம நான் இந்தத் திரிய விட மாட்டேன்.

மனை ராசா:
எடுக்க முடியாது.

உச்சிப்புளி அக்கா:
ரெண்டு அக்காமாரோட கையெழுத்தப் பத்தி நான் கேட்டது அப்படியே நிக்குது.