நாய்கள் இழுக்கும் பனிவண்டி ஓட்டியவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நான் மேலூர் பக்கம். பிப்ரவரியில் நார்வேயின் டிரோம்சோவுக்குப் போகிறோம், அங்கே ஹஸ்கி நாய்கள் இழுக்கும் பனிவண்டியை நானே ஓட்டப் போகிறேன், முன்னால் அம்மா உட்கார்ந்து வருவார். நம்ம மாட்டு வண்டி போல இதில் பிடிகயிறு கிடையாது, குரலும் காலடியில் இருக்கும் பிரேக்கும்தான். விழுந்தாலும் கைப்பிடியை விடக் கூடாதாம், விட்டால் நாய்கள் வண்டியோடு ஓடிவிடும்.

இறக்கத்தில் வண்டி கடைசி ஜோடி நாய்கள் மேல் மோதாமல் இருக்க பிரேக்கை எவ்வளவு அழுத்தணும்? வளைவில் எந்தப் பக்கம் சாயணும்? என்னால் ஒரு நாய்க்கும் அடிபடக் கூடாது, அதுதான் பெரிய கவலை.

அப்புறம், மைனஸ் குளிருக்கான கையுறை, உள்ளுடுப்பு மதுரையில் எங்கே கிடைக்கும்? ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.